அயர்லாந்து விஸ்கியில் புகை எங்கே போனது, எப்படித் திரும்பியது

விஸ்கி பற்றிக் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு வாய்ப்பாடு கட்டாயம் வந்துவிடும். ஸ்காட்ச் என்றால் இரண்டு முறை வடித்தது, புகை வாடை உள்ளது. ஐரிஷ் என்றால் மூன்று முறை வடித்தது, புகையே இல்லாதது, தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்குவது. விற்பவர்களுக்கு வசதியான வாய்ப்பாடுதான். ஆனால் இரண்டு பக்கமும் பாதி உண்மை. ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட் பகுதியில் வடிக்கப்படும் கிளென்ஃபிடிக்கையோ மெக்காலனையோ முகர்ந்து பாருங்கள், புகை தேடினாலும் கிடைக்காது. கிளாஸ்கோவுக்கு அருகில் உள்ள ஆக்கன்டோஷன் மூன்று முறைதான் வடிக்கிறது. இந்தப் பக்கம் அயர்லாந்தில் கன்னிமரா என்றொரு சிங்கிள் மால்ட் (ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்த விஸ்கி) இருக்கிறது: இரண்டே முறை வடித்தது, புகை வாடையும் உள்ளது.

அப்படியானால் சட்டம் என்ன சொல்கிறது? ஐரிஷ் விஸ்கி என்று பெயர் போட வேண்டுமானால் அயர்லாந்துத் தீவில், அதாவது குடியரசிலோ வடக்கு அயர்லாந்திலோ, வடித்திருக்க வேண்டும். 700 லிட்டருக்கு மிகாத மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு அதே தீவில் கிடக்க வேண்டும். புட்டியில் 40 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் இருக்க வேண்டும். எல்லா ஐரிஷ் விஸ்கியும் மூன்று முறை வடித்திருக்க வேண்டும் என்று விதி கிடையாது. புகை கூடாது என்றும் கிடையாது. ஆக, புகையில்லாத ஐரிஷ் என்பது இயற்கை கொடுத்ததும் அல்ல, சட்டம் விதித்ததும் அல்ல. எரிபொருளும் வரியும் வியாபாரமும் சேர்ந்து உருவாக்கிய வழக்கம். அது எப்படி உருவானது என்று பார்த்தால், இன்றைய புகையுள்ள ஐரிஷ் ஏன் இந்த ருசியில் இருக்கிறது என்பதும் பிடிபடும்.

முதலில் புகை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். பீட் என்பது சதுப்பு நிலத்தில் செத்து விழுந்த பாசியும் புல்லும் புதரும் முழுதாக மக்காமல், தண்ணீரில் ஊறியபடியே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த கரிய மண். வளர்வது ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அயர்லாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இப்படிப்பட்ட நிலம். நாட்டின் நடுப்பகுதியில் மேடு தட்டிய சதுப்புகள், மேற்குக் கரையில் மலைச் சரிவெல்லாம் போர்த்தினாற்போலக் கிடக்கும் சதுப்புகள். அங்கே இதற்கு டர்ஃப் என்று பெயர். ஷ்லான் என்ற, பக்கவாட்டில் ஒரு இறக்கை வைத்த மண்வெட்டியால் செங்கல் அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டி, தரையில் பரப்பி, ஓரளவு காய்ந்ததும் நாலைந்து துண்டுகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திவைப்பார்கள். காற்று புகுந்து கோடைக்குள் உலர்ந்துவிடும். காடுகளை என்றோ அழித்துவிட்ட நாட்டில் கிராமத்து வீடுகளுக்கு அடுப்பும் கணப்பும் இதை நம்பித்தான் எரிந்தன.

விஸ்கிக்குள் இது நுழைவது ஒரே ஒரு கட்டத்தில். பார்லியைத் தண்ணீரில் ஊறவைத்து முளைகட்ட விடுவார்கள். தானியத்துக்குள் இருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தயாரானதும், முளை மேற்கொண்டு வளராமல் நிறுத்த வேண்டும். அதற்குச் சூளையில் பரப்பி உலர்த்துவார்கள். இப்படி முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். சூளையின் தளம் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். மேலே முளைகட்டிய பார்லி இன்னும் ஈரமாக, கிட்டத்தட்ட பாதி எடை தண்ணீராக, ஒரு வெள்ளரிக்காய் வாடையோடு கிடக்கும். கீழே நெருப்பு. அந்த நெருப்பில் பீட் போட்டால் நீலம் கலந்த வெள்ளைப் புகை தானியத்தின் ஊடே ஏறி மேலே போகும். பார்லியின் உமி ஈரமாக இருக்கும் முதல் சில மணி நேரம்தான் புகையை நன்றாகப் பிடிக்கும். அதனால் அப்போது கொழுந்துவிட்டு எரிய விடமாட்டார்கள். புகைதான் வேண்டும், வெப்பம் அல்ல. வேண்டுமென்றே ஈரமான பீட்டைப் போட்டு மூட்டமாக வைத்திருப்பார்கள். உமி காய்ந்த பிறகு எவ்வளவு புகை போட்டாலும் பெரிதாக ஏறாது.

விறகடுப்பில் காய்ச்சிய பாலில் புகை வாடை ஏறுகிற மாதிரிதான் இது. தொடக்கத்தில் யாரும் ருசிக்காக பீட் போடவில்லை. கையில் இருந்த எரிபொருள் அது. அதனால் எரிபொருள் மாறிய இடமெல்லாம் ருசியும் மாறியது. ஸ்பேசைடுக்கு 1863இல் ரயில் வந்தது, கூடவே நிலக்கரியும் கோக் கரியும் வந்தன, அங்கிருந்த வடிசாலைகள் மெல்ல மெல்ல பீட்டைக் குறைத்தன. ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் மரமும் இல்லை, ரயிலும் இல்லை, காலடியில் பீட்தான் இருந்தது. அங்கே புகை நிலைத்தது. அயர்லாந்தில் நடந்ததும் இதேதான், இன்னும் சீக்கிரமாக. டப்ளினும் கார்க்கும் துறைமுக நகரங்கள். பிரிட்டனிலிருந்து கப்பலில் நிலக்கரி மலிவாக வந்து இறங்கியது. உள்நாட்டில் கில்கென்னி மாவட்டத்து கேசில்கோமர் சுரங்கங்களில் ஆந்த்ரசைட் கிடைத்தது. அது புகையில்லாமல் எரியும் கரி. ‘புகையில்லா நெருப்பு, சேறில்லாத் தண்ணீர்’ என்று கில்கென்னிக்காரர்கள் பெருமை பேச அது ஒரு காரணம். பெரிய வடிசாலைகள் எல்லாம் நகரங்களில் இருந்தன, பெரிய வடிசாலைகளின் ருசியே நாட்டின் ருசி என்று ஆனது.

கிராமத்துக் கதை வேறு. அயர்லாந்தின் கள்ளச்சாராயத்துக்குப் பொச்சீன் என்று பெயர். 1661இல் தடை செய்யப்பட்டு, 1997இல்தான் மறுபடி சட்டத்துக்கு உட்பட்ட சரக்கானது. நடுவில் முந்நூறு ஆண்டுக்கு மேல் மலையிலும் சதுப்பிலும் ஒளிந்து ஒளிந்து காய்ச்சினார்கள். டர்ஃப் நெருப்பில்தான் மால்ட்டை உலர்த்தினார்கள், அதே நெருப்பில்தான் ஊறலையும் வடித்தார்கள். வடக்கே டோனெகல் மாவட்டத்தில் இனிஷோவன் என்ற தீபகற்பம் இதற்குப் பேர் போன இடம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சாராயம் வடிக்கும் ஒரு வாலை பிடிபட்டால் காய்ச்சியவனுக்கு மட்டுமல்ல, அந்த ஊருக்கே சேர்த்து அபராதம் போட்டார்கள். அப்படியும் நின்றபாடில்லை. வரி கட்டிய சரக்கை ‘பார்லிமென்ட் விஸ்கி’ என்று மக்கள் கேலியாகச் சொன்ன காலம் அது. பொச்சீன்தான் நல்ல சரக்கு என்று சத்தியம் செய்கிறவர்கள் பணக்கார வீடுகளிலும் இருந்தார்கள்.

அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. அரசு மால்ட்டுக்கு வரி விதித்தது. வரி கட்டும் வடிசாலைகள் செலவைக் குறைக்க, முளைகட்டாத பச்சைப் பார்லியைப் பெருமளவு கலந்து வடிக்கத் தொடங்கின. வரியே கட்டாதவனுக்கு அந்தக் கவலை இல்லை, அவன் முழு மால்ட்டிலேயே காய்ச்சினான். வரிக்குப் பயந்து செய்த அந்தக் கலவை பிற்பாடு அயர்லாந்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது என்பது வேடிக்கை. இன்று ‘பாட் ஸ்டில்’ என்று தனி வகையாகச் சட்டத்தில் இருப்பது இதுதான். குறைந்தது 30 சதவீதம் மால்ட், குறைந்தது 30 சதவீதம் முளைகட்டாத பார்லி இருக்க வேண்டும். இந்த வகையைச் சேர்ந்த ரெட்பிரெஸ்ட் குடித்தவர்களுக்கு அந்தக் கொழகொழப்பும் மசாலாக் காரமும் தெரிந்திருக்கும். புகையின் கணக்கில் இதற்கு ஒரு விளைவு உண்டு. முளைகட்டாத பார்லி புகைச் சூளைக்கே போவதில்லை. ஆக, மால்ட்டில் புகை இருந்தாலும் கலவையில் அது பாதியாகிவிடும். நகர வடிசாலைகள் கரிக்கு மாறாமல் இருந்திருந்தாலும், அவற்றின் விஸ்கி ஐலா சரக்கு போல நெடி அடித்திருக்காது.

அப்புறம் வந்தது வீழ்ச்சி. 19ஆம் நூற்றாண்டில் உலகத்துக்கே விஸ்கி அனுப்பிய நாடு, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒன்றுமில்லாமல் போனது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு, உள்நாட்டில் சுதந்திரப் போர், 1930களில் பிரிட்டனோடு வரிச் சண்டை, எதிர்ப்பக்கம் மலிவான ஸ்காட்ச் கலவைகள். இதை விரித்து எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். நமக்கு வேண்டியது முடிவு மட்டும். 1966இல் ஜேம்சன், பவர்ஸ், கார்க் டிஸ்டில்லரீஸ் ஆகிய மூன்றும் ஐரிஷ் டிஸ்டில்லர்ஸ் என்ற ஒரே நிறுவனமாக ஒன்றின. 1970களில் புஷ்மில்ஸும் அதற்குள் வந்தது. 1975இல் கார்க் மாவட்டத்து மிடில்டனில் புதிய வடிசாலை திறந்த பிறகு, தெற்கே மிடில்டன், வடக்கே புஷ்மில்ஸ் என்று தீவு முழுக்க இரண்டே வடிசாலைகள் மிஞ்சின. இரண்டும் ஒரே முதலாளியிடம். இரண்டும் மூன்று முறை வடித்தன, புகையை விட்டுவிட்டன. உலகச் சந்தையில் ஸ்காட்சிலிருந்து தங்களைப் பிரித்துக் காட்டவும் அது உதவியது. நாம் மனப்பாடம் செய்த வாய்ப்பாடு உறுதிப்பட்டது இந்தக் காலத்தில்தான். ஒரு நிறுவனத்தின் பாணியை ஒரு நாட்டின் மரபு என்று உலகம் நம்பியது.

அதை உடைத்தவர் ஜான் டீலிங். டப்ளின்காரர், தொழில்முனைவோர். 1987இல் லௌத் மாவட்டத்தில், கூலி (Cooley) என்ற தீபகற்பத்தில், அரசுக்குச் சொந்தமாயிருந்த ஒரு பழைய ஆலையை வாங்கினார். உருளைக்கிழங்கிலிருந்து தொழிற்சாலை ஆல்கஹால் எடுப்பதற்காக அரசு நடத்திய ஆலை அது, அழகு என்று சொல்ல எதுவும் கிடையாது. அங்கே 1989இல் விஸ்கி வடிக்க ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? ஐரிஷ் டிஸ்டில்லர்ஸ் அதற்குள் பிரான்சின் பெர்னோ ரிக்கார் நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. அவர்கள் கூலி வடிசாலையை விலைக்குக் கேட்டார்கள். அந்த வடிசாலையும் பணமில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்த நேரம். ஆனால் 1994இல் அயர்லாந்தின் போட்டி ஆணையம் அந்த விற்பனைக்குக் குறுக்கே நின்றது. சந்தையில் இருக்கும் ஒரே போட்டியாளரையும் விழுங்க விடமுடியாது என்றது. புகையுள்ள ஐரிஷ் விஸ்கி மறுபடி கடைக்கு வந்ததில் அந்த ஆணையத்துக்கு நான் பாதிப் பங்கு கொடுப்பேன்.

கன்னிமரா 1990களின் நடுவில் வந்தது. மற்றவர்கள் செய்யாததை எல்லாம் சேர்த்துச் செய்த சரக்கு: சிங்கிள் மால்ட், இரண்டு முறை வடிப்பு, புகை. பெயர் மேற்கே கால்வே மாவட்டத்தில் உள்ள சதுப்பும் மலையும் நிறைந்த பகுதியின் பெயர். சென்னைவாசிகளுக்கு அந்தப் பெயர் எழும்பூர் நூலகத்திலிருந்து தெரியும். 1886 முதல் 1890 வரை மதராஸ் கவர்னராக இருந்த ராபர்ட் பர்க்குக்குக் கன்னிமரா பிரபு என்ற பட்டம் இந்த ஊரை வைத்துத்தான் கொடுக்கப்பட்டது. விஸ்கி வடிக்கப்பட்டதோ நாட்டின் நேரெதிர்க் கரையில், கிழக்கே. அதுகூடப் பரவாயில்லை, பிராண்டுக்குப் பெயர் வைப்பதில் இது சகஜம். எனக்கு உறுத்துவது இன்னொன்று. அந்த விஸ்கிக்கான புகைபோட்ட மால்ட் ஸ்காட்லாந்திலிருந்து வாங்கப்பட்டது. அயர்லாந்தின் மால்ட் ஆலைகள் பீட்டைக் கைவிட்டுப் பல காலமாகிவிட்டது, தேவையான சூளை உள்நாட்டில் இல்லை. ஐந்தில் ஒரு பங்கு நிலம் சதுப்பாகக் கிடக்கும் நாடு, தன் பழைய ருசியை மீட்பதற்கு அடுத்த நாட்டுப் புகையை இறக்குமதி செய்தது. பெங்களூரின் அம்ருத் நிறுவனமும் தன் புகை விஸ்கிகளுக்கு ஸ்காட்லாந்து மால்ட்டைத்தான் வரவழைக்கிறது. ஆனால் பெங்களூரில் பீட் சதுப்பு இல்லை, அங்கே அது நியாயம்.

சரி, ஸ்காட்லாந்து மால்ட் என்றால் ருசியும் ஸ்காட்ச் மாதிரிதானே இருக்க வேண்டும்? இங்கேதான் பிபிஎம் கணக்கைப் பார்க்க வேண்டும். புகையின் வாடைக்குக் காரணம் ஃபீனால் வகைச் சேர்மங்கள். அவை பத்து லட்சம் பங்குக்கு எத்தனை பங்கு இருக்கின்றன என்பதே பிபிஎம். கன்னிமராவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு சுமார் 20. ஐலா விஸ்கிகளில் லஃப்ராய்க் 40க்கு மேல், ஆர்ட்பெக் 50ஐத் தாண்டும், ஆக்டோமோர் நூறுக்கும் மேலே. எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், மிளகாய்க் காரத்தில் பந்தயம் கட்டுகிறவர்கள்போல. ஆனால் இந்த எண் அளக்கப்படுவது மால்ட்டில், புட்டியில் அல்ல. நடுவில் அரைப்பதும், வெந்நீரில் கரைப்பதும், ஊறல் போடுவதும், வடிப்பதும், பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடப்பதும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் போகும்.

எண் மட்டும் போதாது என்பதற்கு ஐலாவிலேயே சாட்சி உண்டு. லகவூலினும் கல் ஈலாவும் ஒரே நிறுவனத்துடையவை. இரண்டுக்கும் மால்ட் வருவது போர்ட் எலன் என்ற ஒரே மால்ட் ஆலையிலிருந்து, ஏறக்குறைய ஒரே புகை அளவில். குடித்துப் பார்த்தால் லகவூலின் கனத்த, எண்ணெய்ப் பிசுக்கான புகை. கல் ஈலா மெலிந்த, எலுமிச்சை வாடை கலந்த புகை. வித்தியாசம் வாலையின் வடிவத்திலும், வடிவதில் எந்தப் பகுதியைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது.

இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் ஐரிஷ் பாணியின் சூட்சுமம் இங்கேதான். ஊறலில் எட்டு சதவீதம்போல ஆல்கஹால் இருக்கும். முதல் முறை வடித்தால் இருபதைத் தாண்டும். இரண்டாம் முறை வடிக்கும்போது வருவது எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் வடி நெடி அடிக்கும், ஒதுக்கிவிடுவார்கள். நடு வடிதான் விஸ்கி. கடைசி வடியில் ஆல்கஹால் குறைந்து, எண்ணெயும் கனமான வாடைகளும் வரும், அதையும் தனியாகத் திருப்பிவிட்டு அடுத்த ஈட்டில் சேர்ப்பார்கள். ஃபீனால்கள் கொதிநிலை அதிகமானவை. சும்மா ஃபீனாலே 182 டிகிரி, அதன் சொந்தக்காரனான குவாயகால் 200க்கும் மேலே. அதனால் அவை சோம்பேறித்தனமாக, ஈட்டின் பின்பாதியில்தான் நிறைய வரும். புகை வேண்டுமென்கிற ஐலாக்காரர் நடு வடியைக் கொஞ்சம் தாராளமாக, ஆல்கஹால் 60 சதவீதத்துக்கு இறங்கும் வரைகூடப் பிடிப்பார். மென்மை வேண்டுமென்கிறவர் அதற்கு வெகு முன்பே குழாயைத் திருப்பிவிடுவார்.

மூன்று முறை வடிக்கிறவர் இதே வேலையை இன்னொரு தரம் செய்கிறார். அவருக்குக் கடைசியில் கிடைக்கும் புது விஸ்கி 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும், இரண்டு முறை வடித்தவருக்கு 70 பக்கம். அவ்வளவு உயரத்தில் வெட்டி எடுக்கும்போது கனமான ஃபீனால்கள் பெரும்பாலும் பின்னாலேயே தங்கிவிடும். புகையும் மூன்று முறை வடிப்பும் சேரவே சேராது என்று பலர் நினைத்தது இதனால்தான். கூலி வடிசாலையில் இரண்டு முறையோடு நிறுத்தியதற்கும் இந்தக் கணக்கு பொருந்தி வருகிறது.

சேரும் என்று காட்டியவர்கள் ஜான் டீலிங்கின் பிள்ளைகள். 2011 டிசம்பரில் கூலி வடிசாலையை அமெரிக்காவின் பீம் நிறுவனம் சுமார் 9.5 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. பிள்ளைகள் ஜாக்கும் ஸ்டீபனும் டீலிங் என்ற குடும்பப் பெயரிலேயே தனி விஸ்கி தொடங்கி, 2015இல் டப்ளின் நகருக்குள் வடிசாலை திறந்தார்கள். நூறாண்டுக்கு மேலான இடைவெளிக்குப் பிறகு அந்த நகரத்தில் எழுந்த முதல் புது வடிசாலை. அவர்களுடைய பிளாக்பிட்ஸ் என்ற புகை மால்ட்டுக்கு 55 பிபிஎம் மால்ட்டைப் போட்டு, மூன்று முறை வடித்தார்கள். ஆர்ட்பெக் அளவு புகையில் தொடங்கி, மூன்று வடிப்பில் அதை இறக்கி, அமெரிக்க போர்பன் விஸ்கி இருந்த பீப்பாயிலும் சோட்டர்ன் இனிப்பு ஒயின் பீப்பாயிலும் பழுக்க வைத்தது அது. வாயில் வைத்தால் முதலில் அன்னாசியும் சுட்ட சர்க்கரையும், புகை பின்னால் வருகிறது, அதுவும் அணைந்த கரியின் வாடையாக. 55 என்ற எண்ணை நம்பி வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும். எண்ணை மறந்துவிட்டுக் குடித்தால் நல்ல விஸ்கி. அப்பாவும் சும்மா இல்லை. டண்டாக் நகரில் ஹார்ப் பீர் தயாரித்த பழைய ஆலையை வாங்கி, அதே 2015இல் கிரேட் நார்தர்ன் என்ற வடிசாலையைத் தொடங்கினார். அது பிற பிராண்டுகளுக்கு மொத்தமாக வடித்துக் கொடுக்கும் இடம், புகை மால்ட்டும் அங்கே வடிக்கிறார்கள். இன்று கடையில் புதுப் பெயரில் புகையுள்ள ஐரிஷ் எதையாவது கண்டால் அது அங்கிருந்து வந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கன்னிமராவையும் லஃப்ராய்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி முகர்ந்தால் வித்தியாசம் விளக்கம் இல்லாமலே புரியும். லஃப்ராய்க் டிஞ்சர், பேண்டேஜ், தார், கடற்பாசி. கிண்ணத்தை மூக்குக்குக் கொண்டுபோகும் முன்பே வந்துவிடும். கன்னிமராவில் முதலில் வருவது தேனும் பச்சை ஆப்பிளும், அடியில் காய்ந்த புல்லைக் கொளுத்தின மாதிரி ஒரு புகை. சில சொட்டுத் தண்ணீர் விட்டால் புகை மேலே எழும்பி இனிப்பு பின்வாங்கும். மருத்துவமனை வாடை மட்டும் எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் வராது. அந்த வாடைக்கு முக்கியக் காரணம் ஃபீனால் குடும்பத்தில் கிரெசால்கள். விறகுப் புகை வாடைக்குக் குவாயகால் வகை. எந்தச் செடி மக்கி உண்டான பீட் என்பதைப் பொறுத்து இவற்றின் விகிதம் மாறும். ஆகவே ‘கடற்கரை பீட், உள்நாட்டு பீட்’ என்று பேசுவது வெறும் விளம்பரம் அல்ல. ஆனால் எவ்வளவு பீட்டின் வேலை, எவ்வளவு வடிப்பின் வேலை என்று புட்டியை முகர்ந்து பிரித்துச் சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

வயது ஒரு விஷயம். பீப்பாயில் கிடக்கக் கிடக்கப் புகை அடங்கும். கன்னிமராவின் 12 ஆண்டுச் சரக்கு, வயது குறிக்காத சாதா கன்னிமராவைவிடப் புகை குறைந்தது, விலை கூடியது. புகைக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அதிக விலை கொடுக்க அவசியமே இல்லை. தண்ணீர் சேர்க்காமல் பீப்பாய்ச் செறிவிலேயே அடைத்த கன்னிமரா கிடைத்தால் அதை எடுக்கலாம்.

லேபிளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ‘பீட்’ என்று எழுதியிருப்பதெல்லாம் புகை மால்ட்டில் வடித்தது அல்ல. புகையில்லாத விஸ்கியை, முன்பு ஐலா விஸ்கி இருந்த பீப்பாயில் சில மாதம் போட்டு வைத்தாலும் லேசாகப் புகை ஏறும். கார்க் மாவட்டத்தின் வெஸ்ட் கார்க் வடிசாலை இன்னொரு வழி பிடித்தது. கிளென்காரிஃப் பகுதியில் கிடைத்த பீட்டை எரித்து அந்தத் தீயில் பீப்பாயின் உட்புறத்தைக் கருக்கி, அதில் விஸ்கியை வைத்தார்கள். சாமர்த்தியமான வேலைதான். ஆனால் புகை தானியத்தோடு ஊறலிலேயே கலந்து வருவதற்கும், கடைசியில் மரத்திலிருந்து ஒட்டிக்கொள்வதற்கும் நாக்கில் வித்தியாசம் தெரிகிறது. பின்னது மேலோட்டமாக வந்து சீக்கிரம் போய்விடும்.

2010இல் தீவு முழுக்க நான்கே வடிசாலைகள் இருந்தன. இப்போது நாற்பதுக்கு மேல். புதிதாக வந்தவர்களில் சிலர் புகையைப் புதுமை என்று அல்லாமல் தங்கள் ஊர்ப் பழக்கம் என்று சொல்லியே செய்கிறார்கள். பொச்சீனுக்குப் பேர் போன அதே டோனெகல் மாவட்டத்தில் அர்தரா என்ற ஊரில் 2021 முதல் வடிக்கிறார்கள். ஏறக்குறைய 180 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வட்டாரத்தில் சட்டப்படி எரியும் அடுப்பு அது. மூன்று முறை வடித்த புகை மால்ட்டும், புகை கலந்த பாட் ஸ்டில்லும் அவர்கள் குறி. அதற்கு முன்பே வெளியில் வாங்கிய விஸ்கிகளைக் கலந்து டார்க் சில்கி என்ற மலிவான புகைக் கலவையை விற்கத் தொடங்கிவிட்டார்கள். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு நான் அதைச் சொல்வேன். வடக்கு அயர்லாந்தின் மோர்ன் மலையடிவாரத்தில் கில்லோவன் என்ற சின்ன வடிசாலை வாலைக்கு நேரடியாகத் தீ வைத்து, புகை மால்ட்டோடு ஓட்ஸும் சேர்த்து, பழைய கலவைகளை மறுபடி செய்து பார்க்கிறது. அதில் ஒரு சிக்கல்: பாட் ஸ்டில் என்று பெயர் போடுவதற்கான விதி, மற்ற தானியங்களுக்கு 5 சதவீதத்துக்கு மேல் இடம் தரவில்லை. பழைய மரபைக் காப்பதற்காக எழுதிய விதி, அதைவிடப் பழைய மரபுக்கு முட்டுக்கட்டையாக நிற்கிறது.

உள்நாட்டு பீட் என்ற கேள்வியைக் கையில் எடுத்தது வாட்டர்ஃபோர்ட் வடிசாலை. எந்த வயல் பார்லி என்பது வரை புட்டியில் எழுதிய பிடிவாதக்காரர்கள். 2022இல் அயர்லாந்தில் விளைந்த பார்லியை கில்டேர் மாவட்டத்துப் பீட்டில் புகைபோட்டு, ஃபென்னிஸ்கோர்ட், பாலிபானன் என்ற இரண்டு விஸ்கிகளை வெளியிட்டார்கள். முறையே 38, 47 பிபிஎம். இரண்டு முறை வடித்தவை. நான் பார்த்தவரை மண்வாசனையும் காய்ந்த மூலிகை வாடையும் தூக்கலாக இருந்தன, ஐலா பக்கமும் சேரவில்லை, கன்னிமரா பக்கமும் சேரவில்லை. ஆனால் அந்த நிறுவனம் கடனைக் கட்ட முடியாமல் 2024 நவம்பரில் ரிசீவர்ஷிப்புக்கு, அதாவது கடன் கொடுத்தவர் சார்பில் நியமிக்கப்பட்டவரின் கைக்கு, போனது. இருக்கும் புட்டிகள் தீர்ந்தால் அடுத்தது என்ன ஆகும் என்பது அந்த வடிசாலை யார் கைக்குப் போகிறதோ அவரைப் பொறுத்தது.

இனி யாராவது அந்த வேலையைத் தொடர்ந்தாலும் பீட் கிடைப்பது முன்போல எளிதல்ல. சதுப்பு நிலம் ஆயிரமாயிரம் ஆண்டாகக் கார்பனைப் பூட்டி வைத்திருக்கும் இடம், வெட்டி உலர்த்தினால் அது காற்றுக்குப் போகிறது. நாட்டின் பெரும்பகுதி பீட்டை எடுத்துவந்த அரசு நிறுவனம் போர்ட் ந மோனா 2021 ஜனவரியில் அந்தத் தொழிலை நிரந்தரமாக நிறுத்துவதாக அறிவித்தது. பீட்டில் ஓடிய மின் நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடின அல்லது எரிபொருளை மாற்றின. 2022 அக்டோபர் முடிவிலிருந்து கடைகளிலும் இணையத்திலும் டர்ஃப் விற்கத் தடை. வெட்டும் உரிமை உள்ள குடும்பங்கள் தங்கள் வீட்டுத் தேவைக்கு வெட்டிக்கொள்ளலாம், கிராமத்தில் அதைத் தொட்டால் ஓட்டுப் போய்விடும் என்று அரசியல்வாதிகளுக்குத் தெரியும். தோட்டத் தொட்டிகளுக்குப் போட்ட பீட்டுக்கு மாற்று இருக்கிறது, பொள்ளாச்சியிலிருந்து கப்பலேறும் தென்னை நார்க் கழிவு அதில் ஒன்று. விஸ்கிச் சூளைக்கு அப்படி ஒரு மாற்று இல்லை. மொத்த வெட்டலோடு பார்த்தால் விஸ்கிக்குத் தேவைப்படுவது மிகக் கொஞ்சம்தான் என்று தொழிலில் இருப்பவர்கள் வாதாடுகிறார்கள். அது உண்மைதான். அந்தக் கொஞ்சத்தை எந்தச் சதுப்பிலிருந்து, யாருடைய அனுமதியோடு எடுப்பது என்பதை ஒவ்வொரு வடிசாலையும் இனிமேல் தனித்தனியாகப் பேசித்தான் தீர்க்க வேண்டும். அதுவரை புகையுள்ள ஐரிஷ் புட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது ஸ்காட்லாந்துப் புகைதான்.